காண்போர் இருக்கை

நுழையும்முன்

பெரிய விளையாட்டு விழா ஒன்று ஓர் ஊருக்கு வரும்போது, நாளிதழ்கள் வெற்றி தோல்விகளை எழுதுகின்றன. அரசுகள் செலவையும் வருவாயையும் கணக்கிடுகின்றன. அந்த விழாவை யார் கண்டார்கள், எங்கிருந்து கண்டார்கள் என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரத்தில் 2022ஆம் ஆண்டு நடைபெற்ற 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடை முன்வைத்து, அந்த வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

ஓசையற்ற களம்

2022ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் பிற்பகல் மூன்று மணி. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், விடுதி வளாகம் ஒன்றின் இரண்டு அரங்குகளில் ஏறத்தாழ எழுநூறு சதுரங்கப் பலகைகள் வரிசை வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் இருபுறமும் உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்த ஆடவரும் பெண்டிரும் அமர்ந்திருந்தனர். பாலஸ்தீனத்திலிருந்து வந்த எட்டு வயதுச் சிறுமியும் அவர்களுள் ஒருத்தி. ஆட்டம் தொடங்கிற்று. ஆனால், ஆட்டம் தொடங்கியதற்கான ஆரவாரம் எதுவும் எழவில்லை. கைகுலுக்கல்கள், கடிகாரப் பொத்தான்களை அழுத்தும் மெல்லிய ஒலி, பிறகு நீண்ட மௌனம்.

கபடிக் களத்தையோ, மட்டைப்பந்துத் திடலையோ கண்டு பழகியவருக்கு இந்தக் காட்சி ஏமாற்றமாகவே இருக்கும். ஓடுவோர் இல்லை, விழுவோர் இல்லை, பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும் கணமும் இல்லை. ஒருவர் நெற்றியில் கைவைத்து இருபது நிமிடம் அசையாமல் அமர்ந்திருக்கிறார். பின்னர் ஒரு காயை ஒரு கட்டம் நகர்த்துகிறார். அந்த ஒரு நகர்வில் ஓர் ஆட்டத்தின் முடிவே புதைந்திருக்கலாம். அதை அறிந்தவருக்கு அரங்கின் மௌனம் இடிமுழக்கம்; அறியாதவருக்கு வெறும் மௌனம்.

ஆதலால், ஒரு சதுரங்கப் போட்டியை ஏற்று நடத்தும் ஊர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, கால்பந்துப் போட்டியை நடத்தும் ஊரின் கேள்வியைவிடக் கடினமானது. காணத் தெரிந்தவரே இந்த ஆட்டத்தைக் காண முடியும். அப்படியானால், போட்டி நடந்த ஊரின் மக்களுள் எத்தனை பேர் அதைக் கண்டனர்?

நான்கு மாதத்தில் ஒரு விழா

அந்த ஆண்டின் ஒலிம்பியாடு மாஸ்கோ நகரில் நடப்பதாக இருந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்தது. மறுநாளே பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு போட்டியை ரஷ்யாவிலிருந்து விலக்கிக்கொண்டது. மார்ச் 15 அன்று, போட்டியை நடத்தும் பொறுப்பு சென்னைக்கு அளிக்கப்பட்டது. 1927இல் இலண்டனில் முதல் ஒலிம்பியாடு நடந்தது முதல், சதுரங்கத்தின் தாயகம் எனப் போற்றப்படும் இந்தியாவுக்கு அந்த வாய்ப்பு ஒருமுறைகூடக் கிட்டியதில்லை. 95 ஆண்டுகளுக்குப் பின் கிட்டியபோது, ஆயத்தத்திற்கு இருந்த காலம் ஏறத்தாழ நான்கு மாதம். இத்தகைய விழாக்களுக்குப் பல ஆண்டுகள் முன்னரே திட்டமிடுவது வழக்கம்.

தமிழ்நாடு அரசு ஏறத்தாழ 92 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. விடுதி வளாகத்தில் முன்பே இருந்த அரங்கோடு, புதிய பெரிய அரங்கு ஒன்றும் எழுப்பப்பட்டது. சாலைகள் செப்பனிடப்பட்டன. சென்னையின் நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பூசிக்கொண்டது. வேட்டி சட்டை அணிந்து கைகூப்பி நிற்கும் குதிரை, ‘தம்பி’ என்னும் பெயரோடு தெருவெங்கும் வரவேற்றது. (விழாக்களின் சின்னங்கள் பெரும்பாலும் விழா முடிந்ததும் மறக்கப்படுபவை, இந்தத் ‘தம்பி’யை மட்டும் பலர் இன்னும் நினைவில் வைத்திருக்கின்றனர்.) ஒலிம்பியாடு வரலாற்றில் முதன்முறையாகச் சுடரோட்டமும் நடந்தது. ஜூன் 19 அன்று புதுதில்லியில் ஏற்றப்பட்ட சுடர், 75 நகரங்கள் வழியாக வந்து சேர்ந்தது.

ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா. பொதுப் பிரிவில் 188 அணிகள், மகளிர் பிரிவில் 162 அணிகள். ஒலிம்பியாடு அதுவரை இத்தனை அணிகளைக் கண்டதில்லை. குறுகிய காலத்தில் இவ்வளவு பெரிய விழாவைக் குறையின்றி நடத்திய ஆற்றலை உலகச் சதுரங்க உலகம் பாராட்டியது. அப்பாராட்டு தகுதியானதே. அதைக் குறைத்து மதிப்பிடுவதற்கு இடமில்லை.

தெரிந்து தெளிவோம்

சதுரங்க ஒலிம்பியாடு தனியாள் போட்டியன்று, நாடுகளின் அணிப்போட்டி. ஓர் அணியில் ஐவர் இடம்பெறுவர்; ஒவ்வொரு சுற்றிலும் நால்வர் ஆடுவர். நான்கு பலகைகளின் புள்ளிகளையும் கூட்டி, எதிரணியைவிட மிகுதியாகப் பெற்ற அணி வெற்றி பெறும். வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமனுக்கு ஒரு புள்ளி. மொத்தம் 11 சுற்றுகள். தோற்ற அணி வெளியேற்றப்படுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒத்த புள்ளிகள் பெற்ற அணிகள் எதிரெதிரே அமர்த்தப்படும்.

பார்க்கக் கற்றல்

சதுரங்கத்தைப் பார்ப்பது எப்படி? பத்தாவது சுற்றின் ஓர் ஆட்டம் அதற்கு நல்ல பாடம். இந்தியாவின் இரண்டாம் அணியும் உஸ்பெகிஸ்தான் அணியும் மோதின. முதல் பலகையில் பதினாறு வயது குகேஷ். எதிரே பதினேழு வயது நோதிர்பெக் அப்துசத்தோரோவ். அதற்கு முன் குகேஷ் தம் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்றிருந்தார். உலகின் முன்னணி வீரர்களுள் ஒருவரான அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானாவும் அவரிடம் தோற்றிருந்தார்.

அன்றைய ஆட்டத்திலும் குகேஷின் கை ஓங்கியே இருந்தது. சமன் செய்துகொள்ளும் வழி இருந்தும் அவர் அதை நாடவில்லை, வெற்றியைத் தேடினார். நேரம் கரைந்தது. கடிகாரம் நொடிகளைத் தின்றுகொண்டிருந்தபோது, ஒரு தவறான நகர்வில் அவர் தம் குதிரையை இழந்தார். ஆட்டம் கைமாறியது. அணிகளின் கணக்கு 2–2 எனச் சமனில் முடிந்தது. குகேஷின் ஆட்டம் சமனில் முடிந்திருந்தாலே இந்திய அணி வென்றிருக்கும். இறுதியில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, வெள்ளி அர்மீனியாவுக்கு, வெண்கலம் இந்தியாவின் இரண்டாம் அணிக்கு. தரவரிசையில் பதினான்காம் இடத்திலிருந்து வந்த உஸ்பெகிஸ்தானின் இளைஞர்கள், முதலிடத்தில் வைக்கப்பட்டிருந்த அமெரிக்காவையும் பின்தள்ளினர்.

இந்த ஆட்டத்தின் நகர்வுகள் அனைத்தும் இன்றும் இணையத்தில் உள்ளன. எவரும் அவற்றைப் பலகையில் வைத்து ஆடிப் பார்க்கலாம். ஆனால், நகர்வுகளின் பட்டியல் சொல்லாத ஒன்று அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. பிழையை உணர்ந்த கணத்தில் அந்தச் சிறுவனின் முகம் எவ்வாறு மாறிற்று, அவர் தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தார், எதிரே இருந்தவர் அந்தத் துயரைக் கண்டு எப்படி அமைதி காத்தார் என்பனவெல்லாம் நேரில் கண்டோர்க்கே உரிய பாடங்கள். இத்தனை பெரிய சறுக்கலுக்குப் பின் மறுநாள் காலை அதே இருக்கையில் வந்தமர்ந்து ஆட வேண்டும். குகேஷ் அமர்ந்தார், ஆடினார். முதல் பலகைக்கான தனியாள் தங்கம் அவருக்கே கிடைத்தது. இரண்டாம் பலகையின் தங்கமும் அதே அணியின் நிஹால் சரினுக்குக் கிட்டிற்று.

மகளிர் பிரிவிலும் காணத்தக்கவை பல. நிறைமாதக் கருவுற்றிருந்த ஹரிகா துரோணவல்லி, மணிக்கணக்கில் பலகையின் முன் அமர்ந்து நாட்டுக்காக ஆடினார். கோனேரு ஹம்பி, வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி ஆகியோரோடு அவர் இடம்பெற்ற அணி இறுதிச் சுற்றுவரை முன்னிலையில் இருந்தது. இறுதிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்று வெண்கலம் பெற்றது. இந்திய மகளிர்க்கு ஒலிம்பியாடில் கிடைத்த முதற் பதக்கம் அது. தங்கம் வென்றவர்கள் உக்ரைன் நாட்டுப் பெண்கள். எந்தப் போரின் காரணமாகப் போட்டி மாமல்லபுரத்துக்கு இடம் பெயர்ந்ததோ, அந்தப் போரில் தாக்குண்ட நாட்டின் கொடி மகளிர் பிரிவில் முதலிடத்தில் ஏறிற்று. போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்த ஐந்து பெண்கள் கருங்கட்டத்தையும் வெண்கட்டத்தையும் உற்றுநோக்கி அமர்ந்திருந்த காட்சியை, எந்த வரலாற்று வகுப்பும் ஒரு மாணவருக்கு அத்துணை அழுத்தமாகக் காட்டிவிட முடியாது.

ஏழு வயதுப் பார்வையாளர்

ஒரு போட்டியைக் காண்பதால் என்ன விளையும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. அதற்கு ஒன்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

2013ஆம் ஆண்டு நவம்பரில் உலக வாகையர் பட்டத்துக்கான போட்டி சென்னையில் ஒரு நட்சத்திர விடுதியில் நடந்தது. மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த் ஒருபுறம். நார்வேயின் இருபத்திரண்டு வயது மாக்னஸ் கார்ல்சன் மறுபுறம். இருவரும் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்து ஆடினர். பத்து ஆட்டங்களில் முடிவு தெரிந்துவிட்டது. ஆனந்த் தம் சொந்த நகரத்தில், தம் மக்களின் கண்முன்னே, 6.5–3.5 என்னும் கணக்கில் பட்டத்தை இழந்தார். போட்டியை நடத்திய நகரத்துக்கு அது கசப்பான முடிவு. பொதுமக்கள் பார்வையில் அந்த விழா தோல்வியாகவே முடிந்தது.

ஆனால், அந்தப் பார்வையாளர் இருக்கைகளுள் ஒன்றில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அமர்ந்திருந்தான். கண்ணாடிக்கு அப்பால் ஒருநாள் தானும் இருக்க வேண்டும் என்று அவன் எண்ணினான். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், பதினெட்டாம் வயதில், உலக வாகையர் பட்டத்தை வென்ற பின் அந்தச் சிறுவனே இதை நினைவுகூர்ந்தார். அவர்தான் குகேஷ்.

ஆனந்த் தோற்ற அரங்கில் அடுத்த இந்திய வாகையர் பார்வையாளராக அமர்ந்திருந்தார் என்னும் செய்தியைத் தற்செயல் என ஒதுக்கிவிடலாம். ஒதுக்கிவிடுவது எளிது, சரியன்று. ஆனந்த் என்னும் வீரரும் அப்படித்தான் உருவானார். மானுவேல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் பன்னாட்டு மாஸ்டர் ஆனவர். அவர் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகைல் தால் பெயரில் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். அங்கே மூத்தோர் ஆடுவதை இளையோர் சூழ்ந்து நின்று கண்டனர். கண்டவர்கள் பின்னர் அமர்ந்தனர். அவர்களுள் ஒருவரான ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆடுவோரைப் பார்த்து நின்ற கண்கள்தாம் சென்னையைச் சதுரங்க நகரம் ஆக்கின. பயிற்சி நூல்களும் கணினிகளும் பின்னர் வந்தவை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கழகம் சென்னையில் இருந்தது. 2013 போட்டியும் சென்னையில் நடந்தது. போய்ச் சேரக்கூடிய தொலைவில் இருந்தவர்கள், அழைத்துச் செல்லப் பெற்றோர் வாய்த்தவர்கள், அந்த இருக்கைகளை அடைந்தனர். இருக்கை கிடைத்தோரிலிருந்தே வீரர்கள் முளைத்தனர். இருக்கை கிடைக்காதோருள் எத்தனை திறமைகள் இருந்தன என்பதற்குக் கணக்கு எவரிடமும் இல்லை.

விருந்தளித்த ஊர் எது?

2022ஆம் ஆண்டு ஒலிம்பியாடு ‘சென்னை ஒலிம்பியாடு’ என்றே உலகில் அறியப்படுகிறது. ஆட்டங்கள் நடந்த இடமோ சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அது 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவான செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரை. விழாவின் பெயர் ஓர் ஊருக்கு. விழாவின் நெரிசலும் காவல் கெடுபிடிகளும் வேறோர் ஊருக்கு.

மாமல்லபுரத்துக்கு விளையாட்டு புதியதன்று. அதன் பெயரே ஒரு விளையாட்டு வீரனின் பெயர். மாமல்லன் என்றால் பெரும் மற்போர் வீரன்; ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டம் அது. உளி ஓசை ஓயாத ஊர். இன்றும் சாலையோரப் பட்டறைகளில் கல் தட்டும் ஒலி கேட்கும். இவ்வூரின் கற்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. மீனவர் குப்பங்கள் கடலோரம். மணிமாலை விற்கும் நரிக்குறவர் மக்கள் கோயில்களின் வாயில்களில். வெளிநாட்டார் வருகைக்குப் பழகிய ஊரும்கூட. தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களுள், 2021–22இல் வெளிநாட்டுப் பயணிகள் மிகுதியாக வந்தது மாமல்லபுரத்துக்குத்தான் என்று ஒன்றிய அரசின் சுற்றுலாப் புள்ளிவிவரம் கூறிற்று. தாஜ்மகால் அதற்குப் பின்னரே. இந்தப் பெருமையைச் சிலர் ஒலிம்பியாடின் கணக்கில் சேர்ப்பதுண்டு. அந்த நிதியாண்டு மார்ச்சில் முடிந்தது. ஒலிம்பியாடு நடந்தது அதற்கு நான்கு மாதம் கழித்து.

போட்டி நடந்த பூஞ்சேரி என்னும் பெயர், ஒலிம்பியாடுக்கு ஒன்பது மாதம் முன்னரே நாளிதழ்களில் வந்திருந்தது. அது வேறொரு காரணத்துக்காக. அங்கு வாழும் நரிக்குறவர் சமூகத்தைச் சேர்ந்த பெண் ஒருவர், மாமல்லபுரம் கோயிலின் அன்னதானப் பந்தியில் தம் மக்களுக்கு இடம் மறுக்கப்பட்டது என்று துணிந்து கூறினார். அவர் பேசிய காணொலி தமிழ்நாடெங்கும் பரவியது. அறநிலையத்துறை அமைச்சர் அக்கோயிலுக்குச் சென்று, அப்பெண்ணுடன் அருகருகே அமர்ந்து உணவு உண்டார். 2021 நவம்பர் 4 அன்று, தீபாவளி நாளில், முதலமைச்சர் பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாக்களையும் சாதிச் சான்றிதழ்களையும் வழங்கினார்.

ஒரு பந்தியில் உட்கார இடம் வேண்டும் என்பதுதான் அப்பெண்ணின் வேண்டுகோள். ஒன்பது மாதம் கழித்து அதே பூஞ்சேரிக்கு உலகமே விருந்தாக வந்தது. விருந்தினர்க்கு இருக்கைகள் போடப்பட்டன. வீட்டுக்காரர்க்குப் போடப்பட்டனவா?

போடவே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. போட்டியை முன்னிட்டு அரசுப் பள்ளிகளில் சதுரங்கப் போட்டிகள் நடந்தன. பலகையையே தொட்டறியாத பல பிள்ளைகள் காய்களின் பெயர்களைக் கற்றனர். ஜூலை 24 அன்று, உலக வீரர்கள் அமரவிருந்த அதே மேசைகளில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்நாட்டு ஆட்டக்காரர்கள் ஒத்திகைப் போட்டி ஆடினர். நல்ல ஏற்பாடு அது. ஆனால், முதன்மைப் போட்டியைக் காண்பதற்குக் கட்டணச் சீட்டு இருந்தது. மாணவர்களுக்குச் சலுகை இருந்தாலும், சீட்டை இணையத்தில் பதிவுசெய்து, வண்டி ஏற்பாடு செய்து, பிற்பகல் மூன்று மணிக்கு அரங்கில் இருக்கக்கூடிய குடும்பங்கள் எவை? சென்னையிலிருந்து மகிழுந்தில் வரக்கூடியவை. மணிமாலை விற்று அன்றைய சோற்றுக்கு வழிதேடும் குடும்பத்துப் பிள்ளைக்கு, அந்த அரங்கின் வாயில் கண்ணெதிரே இருந்தும் தொலைவில் இருந்தது.

இதற்கு விடை சொல்வோர் உண்டு. சதுரங்க அரங்கில் கூட்டம் கூடினால் அமைதி கெடும்; மறைவாக உதவி பெறும் முறைகேடுகளைத் தடுக்கக் கட்டுப்பாடு வேண்டும்; ஆட்டங்கள் அனைத்தும் நேரலையில் கிடைத்தன; கைப்பேசி வைத்திருந்தோர் எல்லாரும் கண்டிருக்கலாம். இவற்றுள் முதல் இரண்டும் மறுக்க முடியாதவை. மூன்றாவது, பாதியளவே உண்மை. கைப்பேசியில் நகர்வுகளைக் காணலாம். அவற்றைப் புரிந்துகொள்ளச் சொல்லித் தருபவர் ஒருவர் அருகில் வேண்டும். வீட்டில் யாரும் ஆடாத பிள்ளைக்கு நேரலை என்பது புள்ளிகள் நகரும் படம் மட்டுமே. அரங்கில் இடம் குறைவு என்றால், இருக்கும் இடத்தை யாருக்கு முதலில் தருவது என்பதே கேள்வி.

எஞ்சுவது எது?

பெருவிழாக்களை நடத்திய நகரங்களின் கதைகள் பெரும்பாலும் கட்டடங்களின் கதைகள். 1976 ஒலிம்பிக் போட்டிகளுக்காக மாண்ட்ரியல் நகரம் எழுப்பிய அரங்கின் கடனைத் தீர்க்க 30 ஆண்டுகள் ஆயின. 2004இல் போட்டி நடத்திய ஏதென்சில் பல திடல்கள் ஆளின்றிப் புதர் மண்டின. 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காகத் தில்லியில் குடிசைவாசிகள் பலர் இடம்பெயர்க்கப்பட்டனர். அந்த வகையில் மாமல்லபுரம் நற்பேறு பெற்ற ஊர். சதுரங்கத்துக்குத் திடல் வேண்டா. நீச்சல் குளம் வேண்டா. மேசையும் நாற்காலியும் விளக்கும் போதும். போட்டி முடிந்ததும் பலகைகளை மடித்துவிடலாம். ஊரின் கழுத்தில் கடன் தொங்காது.

ஆனால், பலகைகளை மடித்த பிறகு ஊரில் எஞ்சுவது எது என்னும் கேள்வி அதனாலேயே கூர்மையாகிறது. கட்டடம் எஞ்சினால், பழுதடைந்த பின்னேனும் அதைச் சுட்டிக்காட்டலாம். சதுரங்க விழாவில் எஞ்சக்கூடியது மனிதர்கள் மட்டுமே. ஆட்டத்தைக் கண்டு, அதனால் ஆடத் தொடங்கிய மனிதர்கள். 92 கோடி ரூபாய்க்கு இந்த நாடு பெற்ற பேறு உண்டு: 2024இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்திய ஆடவரும் மகளிரும் இரட்டைத் தங்கம் வென்றனர்; குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி, ஹரிகா என மாமல்லபுரத்தில் ஆடியவர்கள் பலர் அந்த அணிகளில் இருந்தனர். அவர்கள் மாமல்லபுரத்துக்கு வரும் முன்னரே வீரர்கள். மாமல்லபுரத்தில் பிறந்து, மாமல்லபுரத்தில் அந்த ஆட்டத்தைக் கண்டு, அதனால் வீரரானவர் என்று சுட்டிக்காட்ட ஒருவர் வேண்டுமானால், அதற்கான பணி போட்டி முடிந்த மறுநாள் தொடங்கியிருக்க வேண்டும்.

சீட்டு இல்லாத அரங்கு

இதே கடற்கரையில் வேறொரு விளையாட்டு வேறொரு வழியைக் காட்டுகிறது. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு வாகையர் போட்டியும் இங்கேயே நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று, அப்போட்டியில் தனியாள் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். இந்த விளையாட்டுக்கு அரங்கு கடல். பார்வையாளர் இருக்கை மணல். படகின் விளிம்பில் அமர்ந்தும், வலையைக் காயவைத்தபடி நின்றும் அதைக் காணலாம். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள் அலைச்சறுக்கு வீரர்களாக உருவாகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களுக்குக் கடலைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அலையின் மேல் பலகையை நிறுத்தும் வித்தையை மட்டும் கண்டால் போதும். கண்டார்கள், கற்றார்கள்.

சதுரங்க அரங்கை மணற்பரப்பு ஆக்க முடியாது. எனினும், மாமல்லபுரத்தின் நடுவிலேயே அதற்கொரு முன்மாதிரி நிற்கிறது. அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும் பாறைச் சிற்பத்தைப் பார்ப்போர் பெரும்பாலும் தவம் செய்யும் மனிதனையே தேடுகின்றனர். அந்தப் பாறையில் அவன் ஒருவன். அவனைச் சூழ நிற்பவர் பலர். தேவர், நாகர், வேடர், யானை, மான், ஒற்றைக் காலில் நின்று தவத்தை நடிக்கும் பூனை, அதை நம்பி நிற்கும் எலிகள் என எல்லா உயிர்களும் பாறையின் நடுப்பிளவை நோக்கித் திரண்டிருக்கின்றன. உண்மையில் அது பார்வையாளர்களின் சிற்பம். ஒரு பெரிய நிகழ்வு நடக்கும்போது சுற்றிலும் யார் யார் நிற்கலாம் என்று கேட்டால், பல்லவச் சிற்பி எவரையும் விலக்கவில்லை. அந்தச் சிற்பத்தை இன்றும் சாலையில் நின்றபடியே எவரும் காணலாம். அதற்குச் சீட்டு இல்லை.

அடுத்து ஒரு பன்னாட்டுப் போட்டி இக்கடற்கரைக்கு வரும்போது செய்யத்தக்கவை பெரிய செலவு கேட்பன அல்ல. போட்டி நடக்கும் ஊரின் பள்ளிகளுக்கு, ஒவ்வொரு நாளும் முதல் வரிசையில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்கைகளை ஒதுக்கலாம். அரங்குக்கு வெளியே பெரிய திரை அமைத்து, நகர்வுகளைத் தமிழில் விளக்க ஒருவரை அமர்த்தலாம். போட்டிக்கு ஓராண்டு முன்னரே திருக்கழுக்குன்றம், திருப்போரூர் வட்டாரப் பள்ளிகளில் பயிற்றுநர்களை அனுப்பி, பிள்ளைகளைக் காணத் தெரிந்தவர்களாக ஆக்கலாம். போட்டி முடிந்ததும், ஆடிய பலகைகளுள் சிலவற்றை அந்தப் பள்ளிகளுக்கே கொடுத்துவிடலாம். குகேஷும் அப்துசத்தோரோவும் ஆடிய மேசையையொத்த ஒரு மேசை பூஞ்சேரிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் ஓர் அறையில் போடப்பட்டு, அதற்கெனச் சம்பளம் பெறும் பயிற்றுநர் ஒருவர் சனிக்கிழமைதோறும் அங்கு வர வேண்டும். நான்கு மாதத்தில் ஓர் ஒலிம்பியாடை நடத்திய அரசுக்கு, அந்த ஒருவரை அனுப்புவது அரிய செயலன்று.